மீன் தொட்டிக்குள் வந்த அர்ச்சா

மேற்கே கணவாயிலிருந்து கிளம்பும் ஊலான் காற்று மூன்று நாள் பேயாட்டம் ஆடி ஓய்ந்த மறுநாள், கிர்கீஸ் நாட்டின் பாலிக்சி ஊர் ஏரிக்கரையில் ஒருவன் குனிந்தபடி நடப்பதைப் பார்க்கலாம். பெயர் ஷர்ஷென், வயது ஐம்பத்து மூன்று. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அதனால் மரியாதையெல்லாம் வைக்காமல் அவன் என்றே சொல்கிறேன். அவன் பொறுக்குவது கட்டை. அடுப்புக்கு இல்லை, மீன் தொட்டிக்கு.

மீன் தொட்டிக்குக் கட்டை எதற்கு என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. மீனுக்கு ஒளிய ஓர் இடம் வேண்டும், உரச ஓர் இடம் வேண்டும், அதன்மேல் பாசி படர வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்துவிட்டது. மனைவியைத் தலைநகர் பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நாற்பது நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, எதிரே ஒரு மீன் தொட்டி இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் கோட்டை, பிளாஸ்டிக் மரக்கிளை. மீன்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. இவன் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி பிழைக்கவில்லை. வீடு திரும்பியவன், துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிப் போனதும் முதலில் செய்த காரியம், ஏரிக்கரையில் கிடந்த ஒரு வேரை எடுத்துவந்து சுரண்ட உட்கார்ந்ததுதான். அது நடந்து ஏழு வருஷம்.

பிழைப்புக்கு, கரையோர விடுதி ஒன்றின் பாய்லர் அறையில் நிலக்கரி அள்ளிப் போடுகிறான். முன்பு மீன் தொழிற்சாலையில் படகு மெக்கானிக். தொழிற்சாலை மூடியபோது ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எடுத்துப் போனார்கள். இவன் எடுத்து வந்தது கேன்டீனில் கிடந்த பெரிய இரும்புக் கொப்பரை. பாய்லர் பக்கத்தில் கல் கூட்டி அதை ஏற்றி வைத்திருக்கிறான். கட்டை வேகுவது அதில்தான். அவனுடைய அக்கா சோனுனுக்கு மட்டும் அது பொறுக்கவே பொறுக்காது.

"எரநூறு பேருக்குக் கறி வெந்த கொப்பரைடா இது. இதுல போயி வெறகக் கொதிக்க வெக்கிற. ஊர்ல கேட்டா என்ன சொல்றது? எந்தம்பி வெறகு சூப்பு குடிக்கிறான்னா?"

"நான் எங்கக்கா குடிக்கிறேன்? மீனுக்கு."

"மீனப் போட்டு சூப்பு வெக்கிறவனப் பாத்திருக்கேன். மீனுக்கே சூப்பு வெக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

அவன் வேலையில் அவசரம் கிடையாது. கட்டையைத் தட்டிப் பார்ப்பான். சத்தம் செத்திருந்தால் அங்கேயே விட்டுவிடுவான். கட்டைவிரல் நகத்தை அழுத்துவான். பள்ளம் விழுந்தால் உள்ளே உளுத்திருக்கிறது என்று அர்த்தம். பாப்ளார் மரம் தண்ணீரில் சீக்கிரம் அழுகும், வேண்டாம். கரையோரத்து சிச்சிர்கனாக் முள்புதரின் வேர் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வான், அவ்வளவு முறுக்கு, அவ்வளவு கெட்டி. தோலை உரித்து, இடுக்கெல்லாம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கொப்பரையில் புரட்டிப் புரட்டி வேகவைப்பான். ஏரித் தண்ணீரின் உப்பும் போக வேண்டும், வேரின் சாறும் போக வேண்டும். பிறகு விடுதியில் கழித்துப் போட்ட குளியல் தொட்டியில் கல்லைக் கட்டி அமிழ்த்தி வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் மாற்ற வேண்டும். சாறு இறங்கித் தண்ணீர் பழுப்பாகும். எவ்வளவு பழுப்பு என்று பார்க்க, டீ குடிக்கிற ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் வைப்பான். டீ மாதிரி இருந்தால் இன்னும் ஊற வேண்டும். தண்ணீர் மாதிரி இருந்தால் முடிந்தது.

அந்தக் கிண்ணத்தால்தான் அனார்கான் அவன் வாழ்க்கைக்குள் வந்தாள்.

அனார்கான் பஜார் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பத்தேழு வயது, கட்டினவனிடம் விவாகரத்து வாங்கி, பிள்ளையும் வளர்ந்து வெளியூர் போய்விட, தனியாக இருக்கிறவள். ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் முன்பு குடியிருந்தவர்கள் ஒரு பெரிய மீன் தொட்டியை விட்டுப் போயிருந்தார்கள். அதற்குக் கட்டை கேட்டுவரச் சொல்லி டாக்டரம்மா அவளை அனுப்பினார். பிப்ரவரி மாதம், கண் திறக்க முடியாத காற்று. நடுங்கிக்கொண்டே பாய்லர் அறைக்குள் வந்து உட்கார்ந்தவள், பெஞ்சில் இருந்த கிண்ணத்தை எடுத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டாள். ஷர்ஷென் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை, மூடிக்கொண்டான்.

"என்ன டீ இது, இப்படித் துவர்க்குது? பால் இல்லையா?"

"இருக்கு," என்றான் அந்த மகாபுத்திசாலி. எழுந்து போய்ப் பாலைக் கொண்டுவந்து அதிலேயே ஊற்றினான். அவள் முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டு, "இப்ப பரவால்ல," என்றாள்.

ஒரே வாரத்தில் சோனுன் வழியாக விஷயம் ஊருக்குத் தெரிந்தது. அனார்கானுக்கும் தெரிந்தது. சண்டைக்கு வருவாள் என்று ஷர்ஷென் பயந்துகொண்டிருக்க, அவள் ஒரு பொட்டலம் நல்ல டீத்தூளோடு வந்தாள். "அடுத்த தடவ இதப் போடுங்க," என்றாள். அதன்பின் வேலை முடிந்து போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போனாள். அது அவள் வீட்டுக்குப் போகும் வழியே இல்லை.

மே மாதம் அவன், கல்யாணம் கட்டிக்கொள்ளலாமா என்று தட்டுத்தடுமாறிக் கேட்டுவிட்டான். அவள் யோசித்துவிட்டு, "பனி விழறதுக்குள்ள சொல்றேன்," என்றாள். அன்றிலிருந்து ஷர்ஷெனுக்கு உலகத்தில் வேறு வேண்டுதல் எதுவும் இல்லை. அவள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் காலையில் மலை உச்சியைப் பார்ப்பான், வெள்ளை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று.

ஆகஸ்டில், ஆஸ்பத்திரித் தொட்டியின் கசிவு ஒருவழியாக நின்றதும், அவள் ஒரு சால்வையில் சுற்றி ஒரு கட்டையைக் கொண்டுவந்தாள். பிரித்தால் அர்ச்சா, எங்கள் மலையில் வளரும் ஊசியிலை மரம். சாம்பல் பூத்த கிளை. முறுக்கிய இடத்தில் உள்ளே சிவப்பு தெரிந்தது.

"எங்கப்பா மேய்ச்சல் கூடாரத்து வாசல்ல இருவது வருஷம் கெடந்தது. இடி விழுந்த மரத்துக் கிளை. அவரு போனப்பறம் நான் எடுத்து வெச்சிருந்தேன். தொட்டிக்குள்ள இதத்தான் வெக்கணும், ஷர்ஷென். பல்லுப் புடுங்க வர்றவங்க கைகால் ஒதறிட்டு உக்காந்திருக்காங்க. அர்ச்சா இருக்கிற எடத்துல கெட்டது நிக்காது. பயமும் நிக்காது."

அர்ச்சாவை வேண்டாம் என்று எந்த கிர்கீஸ் சொல்வான்? தொட்டில் கட்டினால் அர்ச்சா புகை, புது வீடு என்றால் அர்ச்சா புகை, காய்ச்சல் என்றாலும் அதுதான். அனார்கான் காலையில் ஆஸ்பத்திரியைத் திறந்ததும் ஊசி மருந்தைத் தொடும் முன் அந்தப் புகையைத்தான் நான்கு மூலைக்கும் காட்டுவாள். ஆனால் அர்ச்சாவின் வயிற்றில் எண்ணெய் இருக்கிறது, பிசின் இருக்கிறது. புகையாகப் போனால் மருந்து, தண்ணீரில் இறங்கினால் மீனுக்கு விஷம். ஊசியிலை மரம் எதுவும் தொட்டிக்கு ஆகாது என்று, கட்டை கேட்டுப் பேசிய இருபது பேருக்காவது ஷர்ஷென் போனில் பாடம் எடுத்திருக்கிறான். இருபத்தோராவது ஆளாக அனார்கான் எதிரே நின்றாள், அப்பாவின் கிளையைக் கையில் வைத்துக்கொண்டு.

"சரி," என்றான்.

மூன்று நாள் வேகவைத்தான். பாய்லர் அறை முழுக்க வாசனை. யாருக்கு உடம்பு சரியில்லை என்று விடுதிக்காரர்கள் விசாரிக்க வந்துவிட்டார்கள். கொப்பரையின் மேலே எண்ணெய்ப் படலம் மினுமினுத்தது. வழித்து ஊற்றினான், தண்ணீர் மாற்றினான், மறுபடி வேகவைத்தான். ஐந்தாம் நாள் படலம் மெலிந்தது. மெலிந்ததே தவிர, போகவில்லை. இருபது வருஷம் வெயிலில் காய்ந்த கட்டைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். இந்த மாதிரி சமாதானங்களுக்கு மட்டும் மனிதனிடம் பஞ்சமே கிடையாது.

வாசனை பிடித்து சோனுன் வந்தாள். "என்னடா, அர்ச்சா ஆகாது ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவ?"

"இது பழசுக்கா. எண்ணெ வத்தியிருக்கும்."

"நீயுந்தான் பழசு. ஆசை வத்திப் போச்சா?"

செப்டம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை தொட்டிக்குள் அர்ச்சா இறங்கியது. பொய் சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மலைச்சரிவையே வெட்டி உள்ளே வைத்ததுபோல் இருந்தது. குப்பி, வாள்வால் என்று இரண்டு சாதி, மொத்தம் பதினெட்டு மீன்கள். அனார்கான் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, தான் செய்தது சரிதான் என்று ஷர்ஷென் முழுசாக நம்பிவிட்டான்.

சனிக்கிழமை காலை அனார்கானிடமிருந்து போன் வந்தது. "வாங்க," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பதினோரு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. மிச்சம் ஏழும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்கு ஏங்கின. தண்ணீர்மேல் மெல்லிய பளபளப்பு. கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி, துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், வலியிலும் பேசாமல் இருக்கவில்லை. "அர்ச்சா இருந்தும் செத்துதுன்னா அது சும்மா இல்ல. போய்ச் சேர்ந்த பெரியவங்க யாருக்கோ மனசு ஒப்பல," என்றாள்.

ஷர்ஷென் ஏழு மீனையும் நல்ல தண்ணீர் வாளிக்கு மாற்றினான். கிளையை வெளியே எடுத்தான். அனார்கான் அவனைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு. பனி விழற வரைக்கும் காத்திருக்க வேணாம். அப்பா பதில் சொல்லிட்டாரு. இந்த வயசுல இன்னொரு கல்யாணம் அவருக்குப் பிடிக்கல. அவரு வாசல்ல கெடந்த கட்ட, என் கையால குடுத்தது, பதினோரு உசுர எடுத்திருக்கு. இதவிட என்ன சொல்லணும்? என்ன மன்னிச்சிடுங்க, ஷர்ஷென்."

அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். பேசாமல் இருந்தால் இன்றோடு எல்லாம் முடிந்தது. செத்துப்போன அப்பாவின் கோபத்தைத் தலையில் சுமந்துகொண்டு அவள் மிச்ச காலத்தை ஓட்டுவாள். "ஐயோ, அர்ச்சா ஆகாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று ஒரு சின்னப் பொய் சொல்லலாம். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அதைச் சொன்னால் அவளும் கிடைப்பாள், மானமும் மிஞ்சும். ஆனால் அவளுடைய அப்பாவைப் பழியிலிருந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு பொய்யை உட்காரவைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"உங்கப்பா ஒண்ணும் சொல்லல," என்றான். "அது பிசின். அர்ச்சா எண்ணெ தண்ணில எறங்குனா மீனு செத்துடும். எந்த மலையில வெட்டுனாலும், யாரு கை பட்டாலும் சாகும். எனக்கு இது ஏழு வருஷமாத் தெரியும்."

அவள் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "தெரிஞ்சேவா வெச்சீங்க?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

"நீங்க கேட்டீங்க."

அவள் கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. "பதினாறு வருஷம் நான் ஒரு 'சரி'யோடதான் குடும்பம் நடத்துனேன்," என்றாள். "கூரை ஒழுகுதுன்னா சரிம்பான். புள்ளைக்குக் காய்ச்சல்னா சரிம்பான். எழுந்திரிக்க மாட்டான். ரஷ்யா போறேன்னு கெளம்புனப்ப, திரும்பி வந்துடுவல்லன்னு கேட்டேன். சரின்னான். இன்னும் வந்துட்டிருக்கான். அன்னிக்கு மரத்தண்ணிய நான் வாயில வெச்சப்பவே நீங்க வாயத் தெறக்கல. நான் அத வேடிக்கன்னு நெனச்சேன். அது வேடிக்க இல்ல, ஷர்ஷென். எனக்கு அதப் பாத்தா பயமா இருக்கு."

கிளையைத் துடைத்து அதே சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஏழு மீன் இருந்த வாளியையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துக்கொண்டாள். அன்று ஷர்ஷென் பாய்லருக்குக் கரி போட மறந்து, விடுதியில் இருந்தவர்கள் எல்லாரும் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா போன் செய்தார். பட்டணத்திலிருந்து ஆஸ்பத்திரியைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்களாம். அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குள் வேறு கட்டை வைத்துத் தொட்டியை நிரப்பிவிட வேண்டுமாம்.

"முடியாதும்மா," என்றான் ஷர்ஷென். போனைக் கை மாற்றிப் பிடித்தான். "முள்புதர் வேர் ஒண்ணு இருக்கு. இன்னிக்குத்தான் தோல் உரிக்க எடுத்திருக்கேன். ஆறு வாரமாகும்."

"ஆறு வாரமா? அதுக்கு நான் பஜார்ல பிளாஸ்டிக் வாங்கிப்பேனே."

"வாங்கிக்குங்க. ஆனா நான் ஆறு வாரத்துக்கு முன்ன வெக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, ஆறு வாரம்," என்று போனை வைத்துவிட்டார். ஷர்ஷென் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாட்டேன் என்று சொல்லியும் இடி எதுவும் விழவில்லை.

வேர் ஓர் ஆளின் மார்பளவு உயரம். தோலை உரிக்க இரண்டு நாள். இடுக்கில் மண்ணெடுக்க ஒரு நாள். கொப்பரையில் ஒரு முனையை வேகவைத்து, திருப்பிப்போட்டு மறுமுனையை வேகவைத்தான். குளியல் தொட்டியில் இறக்கினால் படகு மாதிரி மிதந்தது. கல்லைக் கட்டினான். முதல் வாரத் தண்ணீர் கடுங்கறுப்பு. இரண்டாம் வாரம், விடுதிச் சமையல்காரி போடும் டீ நிறம். மூன்றாம் வாரம் ஒரு நாள் அனார்கான் வாசலில் வந்து நின்றாள். ஏழு மீனும் உயிரோடு இருப்பதாகச் சொன்னாள். வாளித் தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டாள். மூன்று வாரமாக அவற்றை உயிரோடு வைத்திருப்பவளுக்கு அது தெரியாதா என்ன. உட்கார்ந்து, பெஞ்சில் இருந்த வெள்ளைக் கிண்ணத்தை எடுத்தாள்.

ஷர்ஷென் பாய்ந்து வந்து கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினான். "குடிக்காதீங்க. இது மரத்தண்ணி."

"தெரியும்," என்றாள். "சொல்றீங்களான்னு பாத்தேன்."

அன்று நல்ல டீ போட்டுக் கொடுத்தான். அதன்பின் அவள் நாள் விட்டு நாள் வந்தாள். அவன் தண்ணீரை இறைக்கும்போது வேரின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள்.

இருபத்து நான்காம் நாள் அவளும் சோனுனும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு முடிவோடு வருகிற நடை தனி. சோனுன் கையெல்லாம் மாவு.

"முல்லா வெள்ளிக்கிழம வர்றேன்னுட்டாரு," என்றாள் அனார்கான். அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். "நிக்காவ அன்னிக்கே வெச்சுக்கலாம். அப்பறம் நாரின் போயி எங்க சொந்தக்காரங்க வீடெல்லாம் ஏறி எறங்க பத்து நாளாகும். என்ன சொல்றீங்க?"

ஷர்ஷென் மே மாதத்திலிருந்து காத்துக்கிடந்த வார்த்தை. அவன் அவளைப் பார்த்தான், குளியல் தொட்டியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழம முடியாது," என்றான்.

சோனுனின் கை அந்தரத்தில் நின்றது.

"வேரு இன்னும் ஊறணும்," என்றான். "பத்து நாள் தண்ணி மாத்தாம விட்டா நாறிப் போயிடும், மொதல்லருந்து ஆரம்பிக்கணும். ஆறு வாரம்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. அது முடிஞ்ச மறுநாளே வெச்சுக்கலாம். எனக்கு இதவிட வேற ஆசையே இல்ல, அனார்கான். ஆனா வெள்ளிக்கிழம முடியாது."

"நான் மாத்தித் தொலைக்கிறேண்டா தண்ணிய!" என்றாள் சோனுன்.

"நீ போன தடவ சோப்புப் போட்டுக் கழுவுன."

"கேட்டியாம்மா கத?" சோனுன் தலையில் அடித்துக்கொள்ள, நெற்றியெல்லாம் மாவு. "வெண்ணெ தெரண்டு வர்றப்ப தாழிய ஒடைக்கிறான் பாரு. பொறந்ததுலருந்து எதுக்கும் மாட்டேன்னு சொல்லாதவன். ஒரு தடவையாவது சொல்ல மாட்டானான்னு நான் ஆசப்பட்டா, கடைசில எங்க வந்து சொல்றான் பாரு. நீ கெளம்பும்மா. இந்தக் கட்டைய அந்தக் கட்டையே கட்டிக்கட்டும்."

அனார்கான் கிளம்பவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்த வெளிச்சத்தில் ஷர்ஷெனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அக்கா," என்றாள், "நிச்சயத் தோடு கொண்டாந்திருக்கீங்கல்ல? அத இப்பவே போட்டுவிடுங்க. மாப்பிள்ளைக்குப் பதினெட்டு நாள் வேலை இருக்கு."

சோனுன் மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அவளுக்குத் தோடு போட்டுவிட்டாள்.